முகத்தில் பூசும் நறுமண எண்ணெய்க்கு அளவையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பத்திரிகைகளின் மகளிர் பக்கங்களிலும் வட்ஸ்அப்பில் கைமாறும் அழகுக் குறிப்புகளிலும் லவெண்டர், டீ ட்ரீ, ரோஸ்மேரி என்று எசென்ஷியல் ஒயில் எனப்படும் நறுமண எண்ணெய்களின் பெயர்கள் இப்போது அடிக்கடி வருகின்றன. எந்த எண்ணெய் பருவுக்கு, எது கரும்புள்ளிக்கு என்பதெல்லாம் விவரமாக இருக்கும். அளவு வரும் இடத்தில் மட்டும் “சில துளிகள்” என்றிருக்கும். எதில் சில துளிகள்? ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலா, விரல் நுனியில் எடுத்த கிறீமிலா? முகத்தில் பூசப் போகிறவருக்கு முதலில் வேண்டியது அந்த விடைதான். மட்டக்களப்பில் அழகுக்கலை கற்பிப்பவர்களும் மருந்தாளர்களுமாகிய நாங்கள் சேர்ந்து எழுதும் இக்கடிதத்தில் கேட்பது ஒன்றே. முகப் பராமரிப்புக் குறிப்பை அச்சிடும்போது எண்ணெயின் வீதத்தையும் அச்சிடுங்கள். அது இல்லாமல் வரும் குறிப்பை எழுதியவருக்கே திருப்பி அனுப்புங்கள்.

நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் வரிசையில் இவற்றையும் சேர்த்துவிடுவதிலிருந்துதான் பிழை தொடங்குகிறது. அவை கொழுப்பு. இவையோ இலை, பூ, பட்டை, பழத்தோல் ஆகியவற்றை நீராவியில் வடித்தோ பிழிந்தோ எடுக்கும், காற்றில் பறந்துவிடக்கூடிய இரசாயனங்களின் கூட்டு. ஒரு கிலோ ரோசா எண்ணெய் எடுக்க 3,000 கிலோவுக்கு மேல் இதழ் வேண்டும் என்றால் ஒரு துளிக்குள் இருக்கும் செறிவை ஊகித்துக்கொள்ளலாம். மூலிகையிலிருந்து வந்தது, ஆகவே கெடுதி செய்யாது என்ற நம்பிக்கை இங்கே பொருந்தாது.

முகம் முழுவதும் பூசிக் கழுவாமல் விடும் கலவைக்கு 0.5 வீதம் போதும். எளிதில் சிவக்கும் தோலுக்கு 0.25 வீதம். எவருக்கும் 1 வீதத்தைத் தாண்டத் தேவையில்லை. கணக்கு இலகுவானது. இந்த எண்ணெய்ப் போத்தல்களின் வாயில் உள்ள துளிச் செருகியால் ஏறத்தாழ 20 துளி விட்டால் ஒரு மில்லிலீற்றர் வரும். ஆகவே 30 மில்லிலீற்றர் அடிப்படை எண்ணெயில் (நறுமண எண்ணெயைக் கலந்து நீர்க்கச் செய்யும் சாதாரண எண்ணெய்) 3 துளி சேர்த்தால் 0.5 வீதம், 6 துளி சேர்த்தால் 1 வீதம். பத்து மில்லிலீற்றரில் ஒரே ஒரு துளி. இப்போது புழக்கத்திலுள்ள குறிப்புகளை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெயில் பத்துத் துளி என்றால் 3 வீதத்துக்கும் மேல் போய்விடுகிறது. இரவில் பூசும் கிறீமில் பட்டாணி அளவு எடுத்து அதில் ஒரு துளி கலந்து பூசச் சொல்லும் குறிப்பு இன்னும் மோசம். பட்டாணி அளவு கிறீம் அரை மில்லிலீற்றர்தான் இருக்கும். ஒரு துளி 0.05 மில்லிலீற்றர். கிட்டத்தட்ட 10 வீதம், வேண்டியதைப்போல் இருபது மடங்கு. ஒரு துளிதானே என்று மனம் சொல்லும், தோலில் விழுவதோ அந்த இருபது மடங்கு. இந்தப் பிழையைத்தான் நாங்கள் அதிகம் காண்கிறோம்.

துளி என்பதும் நம்பத்தக்க அளவு அல்ல. தடித்த எண்ணெயின் துளி பெரிது, நீர்த்த எண்ணெயின் துளி சிறிது. செருகிக்குச் செருகியும் மாறும். பாமசியில் வாங்கும் ஊசி இல்லாத ஒரு மில்லிலீற்றர் சிறிஞ்சில் 0.15 வரைக்கும் உறிஞ்சி 30 மில்லிலீற்றரில் விட்டால் குழப்பமே இல்லை. ஆனால் எண்ணெயைச் சிறிஞ்சிலேயே விட்டு வைக்க வேண்டாம், அது உள்ளேயிருக்கும் இறப்பரை ஊதவைத்து இளக்கும். இதே காரணத்தால்தான் இறப்பர்க் குமிழ் உள்ள சொட்டுக்குழாயைக் கலக்காத எண்ணெய்ப் போத்தலில் போட்டு மூடக்கூடாது. அரை வீதக் கலவைக்கு அந்தச் சொட்டுக்குழாய் பரவாயில்லை.

அடிப்படை எண்ணெய் எது என்பதில் எங்கள் பகுதிக் காற்றையும் பார்க்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் முகம் வரண்டு இழுக்கும். அப்போது செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் சாதாரணத் தோலுக்கும் வரண்ட தோலுக்கும் நன்றாகவே ஒத்துவரும், சீக்கிரம் காறலும் எடுக்காது. எள் ஒவ்வாதவர்கள் மட்டும் தவிர்க்க வேண்டும். வாடைக் காற்று வந்து மழை பிடித்த பிறகு அதே எண்ணெய் முகத்தில் பிசுக்காக நிற்கும். அந்தக் காலத்துக்கு ஹொஹோபா (jojoba) விதை எண்ணெய் நல்லது, அது கிடைக்காவிட்டால் சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய். பரு வரும் முகத்துக்குத் தேங்காயெண்ணெயை நாங்கள் ஒருபோதும் சொல்வதில்லை. துவாரங்களை அடைப்பது ஒரு காரணம். இன்னொன்று பலருக்குத் தெரியாதது. தோலில் இயல்பாக வாழும் மலசீசியா என்ற பூஞ்சைக்குக் கொழுப்பமிலத்தைத் தானாக ஆக்கத் தெரியாது, வெளியிலிருந்துதான் எடுக்க வேண்டும். தேங்காயெண்ணெயில் பாதியளவு இருக்கும் லோரிக் அமிலம் அதற்கு ஏற்ற தீனி. நெற்றியிலும் கன்ன ஓரத்திலும் ஒரே அளவில் சிறு சிறு குருக்களாக எழும்பி அரிக்கிறதென்றால் அது பெரும்பாலும் பரு அல்ல, பூஞ்சையின் வேலை. எந்த எண்ணெயும் அதற்கு மருந்தாகாது. பூஞ்சைக்கான மருந்தை வைத்தியரிடம் கேட்டுப் பெற வேண்டும்.

கலக்கும் முறை இதுதான். 30 மில்லிலீற்றர் கொள்ளும் கபிலநிறக் கண்ணாடிப் போத்தலைக் கழுவி, பத்து நிமிடம் கொதிநீரில் விட்டு, கவிழ்த்து முற்றாக உலரவிடுங்கள். உள்ளே ஒரு துளி நீர் நின்றாலும் கிருமி வளர இடம் கிடைக்கும். முதலில் பாதி அடிப்படை எண்ணெய், பிறகு அளந்த நறுமண எண்ணெய், பிறகு மீதி. மூடி, இரு உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டிக் கலக்குங்கள். திகதியை எழுதி ஒட்டி, மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். எண்ணெய் காறாமலிருக்க விற்றமின் ஈ கப்சியூலை உடைத்து விடும் பழக்கம் இருக்கிறது. பெரும்பாலான கப்சியூல்களில் இருப்பது டொக்கோபெரில் அசிற்றேற். அது போத்தலுக்குள் காறலைத் தடுக்காது. தடுப்பது டொக்கோபெரோல் என்று விற்கப்படும் வடிவம்தான்.

பூசுவது இரவில் மட்டும். மென்மையான முகம் கழுவியால் கழுவுங்கள். சவர்க்காரக் கட்டி காரத்தன்மையானது, தோலின் இயல்பான இலேசான அமிலத்தன்மையைக் குலைத்து அதன் காவலைத் தளர்த்திவிடும். அதன்மேல் நறுமண எண்ணெய் பட்டால் எரிச்சல் கூடும். ஈரம் முற்றாகக் காயுமுன் கலவையில் மூன்று அல்லது நான்கு துளியை உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்து, முகத்தில் அழுத்தி ஒற்றுங்கள். கண்ணைச் சுற்றி ஒரு விரல் அகலம், மூக்குத் துவாரம், உதட்டோரம் ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். முதல் இரண்டு கிழமைக்கு ஒன்றுவிட்ட இரவுதான். காலையில் கழுவிவிட்டு எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிறீன். பருவுக்கு ட்ரெற்றினொயின், பென்சொயில் பெரொக்சைட், சலிசிலிக் அமிலம் பூசுகிறவர்கள் அந்த இரவுகளில் இதைச் சேர்க்கக் கூடாது. வெள்ளையாக்கும் கிறீமை மாதக்கணக்கில் பூசி வந்தவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம். அவற்றில் பலவற்றில் மறைவாகச் சேர்க்கப்படும் ஸ்ரீறொயிட் தோலை மெலிதாக்கியிருக்கும், மற்றவருக்கு ஒன்றும் செய்யாத அளவே அவர்களுக்குச் சுடும்.

எல்லாவற்றுக்கும் முன் சோதனை. கலக்காத எண்ணெயைக் கையில் தொட்டுப் பார்ப்பது சோதனை அல்ல, அதுவே தீங்கு. முகத்தில் பூசப்போகும் கலவையையே முழங்கை மடிப்பின் உட்புறத்தில், ஒரு ரூபாய்க் குற்றியளவு இடத்தில், காலையும் மாலையும் ஏழு நாள் பூச வேண்டும். ஒரு நாள் பார்த்துவிட்டு நல்லது என்று முடிவெடுப்பது ஏன் பிழை என்றால், ஒவ்வாமை எரிச்சலைப்போல் உடனே வருவதில்லை. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள தோலில்கூட அது வெளிப்பட ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகலாம். புதிதாக ஒவ்வாமை உருவாக இன்னும் அதிக நாள் பிடிக்கும். ஒருமுறை உருவாகிவிட்டால் அந்தப் பொருள் எதில் வந்தாலும், வாசனைச் சவர்க்காரமோ ஷம்போவோ, தோல் அதை நினைவில் வைத்து எதிர்க்கும். அநேகமாக வாழ்நாள் முழுவதும். வாசனைத் திரவியம் ஒவ்வாது என்று ஏற்கெனவே தெரிந்தவர்கள் கிறீம் போத்தலின் லேபலில் லினலூல், லிமனீன், ஜெரனியோல், சிற்றல், யூஜினோல், சின்னமல் என்ற பெயர்களைத் தேடிப் பார்க்க வேண்டும். இயற்கை எண்ணெய்களிலும் இவைதான் இருக்கின்றன.

நம் நாட்டிலேயே வடிக்கப்படுவதால் மலிவாகக் கிடைக்கும் எண்ணெய்கள்தான் முகத்துக்கு மிக ஆகாதவை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கறுவாப் பட்டை எண்ணெயில் பெரும்பகுதி சின்னமல்டிகைட், அதாவது லேபலில் சின்னமல் என்று வரும் அதே பொருள். அது கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். நறுமண எண்ணெய்ப் பாதுகாப்பு வழிகாட்டிகள் தோலுக்கு அதன் உச்ச அளவாகக் கூறுவது 0.07 வீதம். முப்பது மில்லிலீற்றருக்கு அரைத் துளிகூட இல்லை. அரைத் துளியை வீட்டில் அளக்க முடியாது, ஆகவே அதை முகத்தில் பயன்படுத்தவும் முடியாது. கறுவா இலை எண்ணெயும் கராம்பு எண்ணெயும் யூஜினோல் நிறைந்தவை. பல்வலிக்குக் கராம்பெண்ணெய் மரக்கச் செய்வதைக் கண்டவர்கள் அதை முகப்பருவில் தொட்டு வைக்கிறார்கள். அங்கே தோல் வெந்து கருந்தழும்பு விழும். சிற்றனெல்லா நுளம்புக்கு, முகத்துக்கு அல்ல.

தேசிக்காய், எலுமிச்சை, தோடை வகையைச் சேர்ந்த பேர்கமொட் ஆகியவற்றின் எண்ணெய்களுக்குத் தனி ஆபத்து உண்டு. பழத்தோலைப் பிழிந்து எடுக்கும் எண்ணெயில் பியூரனோகூமரின்கள் என்ற இரசாயனங்கள் இருக்கின்றன. அவை தோலில் இருக்கும்போது சூரியனின் ‘ஏ’ வகைப் புறஊதாக் கதிர் பட்டால் தோல் வெந்ததுபோல் சிவந்து, சில வேளை கொப்புளித்து, பிறகு மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். பிழிந்த தேசிக்காய் எண்ணெய்க்கு 0.7 வீதமும் பேர்கமொட்டுக்கு 0.4 வீதமும் வரம்பு என்பார்கள். வெயில் குறைந்த நாடுகளில் அதைக் கடைப்பிடிக்கலாம். எங்கள் ஊரில் நண்பகலில் புறஊதாச் சுட்டெண் மிகக் கடுமை எனப்படும் 11ஐத் தொடுவதும் தாண்டுவதும் வழமை. வயலுக்கும் கடற்கரைக்கும் போகிறவர்களும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களும் அந்த வெயிலில்தான் போகிறார்கள். ஆகவே பகலில் இவை வேண்டவே வேண்டாம். இரவில் பூசினாலும் வெயிலுக்குப் போகுமுன் குறைந்தது 12 மணித்தியாலம் கழிய வேண்டும் என்பது பொது விதி, விடிகாலையில் வீட்டைவிட்டு இறங்குகிறவருக்கு அது சரிவராது. தேசிக்காய்ச் சாற்றை நேரடியாக முகத்தில் தேய்ப்பதும் இதே கணக்கில்தான் சேரும். கரும்புள்ளியைப் போக்கப் பூசிய சாறு புதிய கரும்புள்ளியைத் தருவது இப்படித்தான்.

இந்தக் கறுப்பைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகளில் “இலேசான சிவப்பு வரலாம்” என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். வெள்ளைத் தோலில் சிவப்பு சில நாளில் மறையும். மாநிறத்திலும் கறுப்பிலும் உள்ள எங்கள் தோலில் எரிச்சலோ ஒவ்வாமையோ எது வந்தாலும் நிறமி கூடிச் சுரந்து, புண் ஆறிய பிறகும் கருந்திட்டு நிற்கும். அது மங்க மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டைத் தாண்டும். கலியாணத்துக்கு ஒரு கிழமை முன்பு புதிய எண்ணெய் ஒன்றை முகத்தில் பரீட்சிக்க வேண்டாம் என்று மணப்பெண்களுக்கு நாங்கள் சொல்வது இதனால்தான். குறைந்தது இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள், அல்லது தொடங்கவே வேண்டாம்.

பயன் உண்டா என்று கேட்டால், பருவுக்கு டீ ட்ரீ பற்றி உருப்படியான சான்று இருக்கிறது. 1990இல் அவுஸ்திரேலியாவில் 124 பேரிடம் 5 வீத டீ ட்ரீ ஜெல்லையும் 5 வீத பென்சொயில் பெரொக்சைட்டையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் பருவைக் குறைத்தன. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, பக்க விளைவு குறைவு. அது ஆய்வுக்கென முறையாகத் தயாரித்த ஜெல், போத்தலிலிருந்து விரலால் தொட்டு வைத்ததல்ல. வீட்டில் பரு வந்த இடத்தில் மட்டும் தொட்டு வைக்க 5 மில்லிலீற்றர் அடிப்படை எண்ணெயில் 2 துளி, அதாவது 2 வீதம் போதும். பஞ்சுக் குச்சியால் பருவின் மேல் மட்டும், இரவில் ஒருமுறை. ஆறு தொடக்கம் எட்டுக் கிழமைக்குள் மாற்றமில்லை என்றால் அளவைக் கூட்டாதீர்கள், வைத்தியரிடம் போங்கள். வலிக்கும் ஆழமான கட்டிகளுக்கு இது எட்டாது. லவெண்டரைப் பொறுத்தவரை, மணம் மனதை இலகுவாக்கும், அதற்காக அரை வீதம் சேர்க்கலாம். சுருக்கத்தை நீக்கும், நிறத்தைத் தரும் என்பதற்கெல்லாம் நம்பத்தக்க சான்று இல்லை.

டீ ட்ரீயும் லவெண்டரும் புதிதாக இருக்கும்போது ஓரளவு சாந்தமானவை. காற்றும் வெளிச்சமும் வெப்பமும் பட்டால் லவெண்டரில் உள்ள லினலூலும் பழத்தோல் எண்ணெய்களில் உள்ள லிமனீனும் ஹைட்ரோபெரொக்சைட்டுகளாக மாறும். ஒவ்வாமையைத் தூண்டுவதில் அவை மூலப்பொருளைவிடப் பன்மடங்கு வலியவை. பகலில் 33, 34 பாகை ஏறும் வீட்டில், குளியலறை யன்னல் விளிம்பில் நிற்கும் போத்தல் விரைவில் கெடும். இறுக மூடி, குளிர்சாதனப் பெட்டியில், உணவிலிருந்து தள்ளி ஒரு டப்பாவுக்குள் வையுங்கள். திறந்த திகதியை எழுதுங்கள். டீ ட்ரீயும் பழத்தோல் எண்ணெய்களும் திறந்து ஒரு வருடம், லவெண்டர் இரண்டு வருடம். அதற்குப் பிறகு மணம் நன்றாக இருந்தாலும் முகத்துக்கு வேண்டாம்.

வாங்கும்போது லேபலில் தாவரத்தின் இலத்தீன் பெயர், எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது, வடித்ததா பிழிந்ததா, தொகுதி எண், காலாவதித் திகதி இவ்வளவும் இருக்க வேண்டும். ரோசா, சந்தனம், லவெண்டர், எலுமிச்சை எல்லாம் ஒரே விலையில் அடுக்கி வைத்திருந்தால் அவை செயற்கை வாசனைகள்தான். வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டு ஒரு நாள் பாருங்கள். ஊடுருவித் தெரியும் எண்ணெய்ப் பொட்டு நின்றால் சமையல் எண்ணெய் எதையோ கலந்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். சந்தனம், வெட்டிவேர் போன்ற கனத்த எண்ணெய்களுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது. அத்தர் உடையில் பூசும் வாசனை, அதை முகத்துக்கான எண்ணெயாக எடுக்க வேண்டாம்.

தண்ணீர் சேரும் கலவைகளைப் பற்றி ஒரு சொல். நறுமண எண்ணெய் பன்னீரில் கரையாது. போத்தலைக் குலுக்கித் தெளித்தால் மிதக்கும் எண்ணெய் கலக்காத நிலையிலேயே முகத்தில் விழும், கண்ணிலும் விழும். கடலைமாப் பூச்சில் சேர்ப்பதானாலும் முதலில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் ஒரு துளியைக் கரைத்து, பிறகு மாவில் குழைக்க வேண்டும். ஆவி பிடிக்கும் நீரில் விடுவது முகத்துக்கு எந்த நன்மையும் செய்யாது. மங்கு என்ற கருந்திட்டு முகத்தில் இருந்தால் வெப்பம் அதை இன்னும் கறுக்க வைக்கும்.

குழந்தைகளின் முகத்தில் எதையும் பூசாதீர்கள். யூக்கலிப்டஸும் புதினா வகை எண்ணெயும் சிறு பிள்ளைகளின் மூக்கருகே பட்டால் மூச்சுத் தடைப்படலாம். பாலூட்டும் தாயின் கன்னத்தில் பிள்ளையின் முகம் படும் என்பதையும் மறக்கக் கூடாது. கர்ப்பிணிகள் கிளினிக்கில் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

கலக்காத எண்ணெய் முகத்தில் கொட்டிவிட்டால் உடனே தண்ணீரை ஊற்றாமல், சமையல் எண்ணெயில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுத்து, பிறகு மென்மையான முகம் கழுவியால் கழுவுங்கள். கண்ணில் பட்டால் மட்டும் நேரே ஓடும் நீர், 15 நிமிடம், பிறகு வைத்தியசாலை. முகம் சிவந்து அரித்தால் எல்லாப் பூச்சுகளையும் நிறுத்தி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றி, வாசனையற்ற வஸ்லின் மட்டும் பூசுங்கள். கண்ணிமை வீங்கினாலும் கொப்புளம் போட்டாலும் மூன்று நாளில் தணியாவிட்டாலும் தோல் நோய்க் கிளினிக்குக்குப் போக வேண்டும். பீற்றாமெதசோன் என்ற ஸ்ரீறொயிட் கலந்த கிறீமை நீங்களாகவே வாங்கி முகத்தில் பூசி வராதீர்கள். பிள்ளை எண்ணெயைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, எண்ணெய் நுரையீரலுக்குள் போகும். போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

இப்படிக்கு,
அழகுக்கலைப் பயிற்றுநர்களும் மருந்தாளர்களும் சிலர்,
கல்லடி, மட்டக்களப்பு.